ஒத்துக்கலன்னு சொல்றோமே, அப்ப உடம்புக்குள்ள என்ன நடக்குது?

"இத்தனை வருஷமா இறால் சாப்பிட்டுட்டுதானே இருக்கான், இன்னைக்கு மட்டும் எப்படி ஒத்துக்காம போகும், இது காணாக்கடி, வேப்பிலைய அரைச்சு தடவினா அமுங்கிடும்"னு எங்க சித்தி சொன்னாங்க. கடலூர்ல சித்தி வீட்டுல ஞாயித்துக்கிழமை மதிய சாப்பாடு, இறால் தொக்கு, என் தம்பிக்கு அப்ப 19 வயசு. கை கழுவிட்டு வந்து உக்காந்தவன் முதல்ல உள்ளங்கைய சொறிஞ்சான், அப்புறம் காது மடல் செவந்துச்சு, அப்புறம் கழுத்து வயிறுன்னு திட்டுத் திட்டா தடிப்பு, உதடு ஒரு பக்கமா வீங்கிடுச்சு, எல்லாமே 10 நிமிஷத்துக்குள்ள. குரல் கம்ம ஆரம்பிச்சதும்தான் எங்களுக்கு பயம் வந்து, ஆட்டோ புடிச்சு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். தொடையில ஒரு ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரத்துல மூச்சு சீராச்சு.

சித்தி சொன்னத நான் குத்தமா சொல்லல, நம்ம வீடுகள்ல எல்லாரும் அதத்தான் சொல்வோம். "இதுக்கு முன்னாடி சாப்பிட்டிருக்கான், அதனால இது காரணமா இருக்காது". ஆனா விஷயம் அப்படியே தலைகீழ். முன்னாடி சாப்பிட்டிருக்குறதுனாலதான் இன்னைக்கு இப்படி ஆச்சு. நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன், அலர்ஜிக்கு பாக்குற ஐஜிஇ ரிப்போர்ட் எவ்வளவோ அடிச்சு குடுத்திருக்கேன், அன்னைக்கு அப்புறம்தான் அந்த மூணு எழுத்துக்கு பின்னாடி என்ன இருக்குன்னு உக்காந்து ஒழுங்கா படிச்சேன். பயாலஜி படிக்காதவங்களுக்கும் புரியணும்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. அலர்ஜின்னா எதிர்ப்பு சக்தி கம்மின்னு நெனச்சுட்டு சத்து மாவு, டானிக்னு வாங்கி குடுக்குறவங்க நிறைய பேர். கம்மி எல்லாம் இல்ல. எதிர்ப்பு சக்தி நல்லாவே வேலை செய்யுது, ஞாபகம்கூட ரொம்ப துல்லியமா இருக்கு, ஆனா ஞாபகம் வெச்சுக்க வேண்டாத ஒரு பொருள ஞாபகம் வெச்சுருக்கு.

எப்படின்னா, நம்ம தோல், மூக்கு, குடல், எங்கெல்லாம் வெளிப்பொருள் வந்து படுமோ அங்கெல்லாம் டென்ட்ரிடிக் செல்னு ஒரு வகை செல் உக்காந்திருக்கும். அது வர்ற பொருள கொஞ்சம் பிச்சு எடுத்துட்டு பக்கத்துல இருக்குற நிணநீர் கட்டிக்கு போய் டி செல்ங்கிற எதிர்ப்பு சக்தி செல்கிட்ட காட்டும். பெரும்பாலும் சாப்பாட்டுப் பொருள்னா டி செல் "சரி, இது நம்ம சோறு, விட்டுடு"ன்னு அமைதியாதான் இருக்கும், அதனாலதான் நாம ஒரு நாளைக்கு எத்தனையோ வேத்து புரதத்த சாப்பிட்டும் ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா சிலருக்கு, சில சமயம், அந்த டி செல் டிஎச்2ன்னு ஒரு வகையா மாறிடும். மாறினதும் அது இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13ன்னு ரெண்டு சிக்னல் பொருள விடும், அத வாங்கிக்கிட்டு பி செல்னு இன்னொரு வகை செல் அந்த குறிப்பிட்ட பொருளுக்குன்னே ஐஜிஇ ஆன்டிபாடி, அதாவது அந்த பொருள அடையாளம் கண்டு ஒட்டிக்கிற புரதம், செய்ய ஆரம்பிக்கும். இத சென்சிடைசேஷன்னு சொல்வாங்க. இது நடக்கும்போது வெளியில ஒரு அறிகுறியும் இருக்காது, அரிப்பு இல்ல, தும்மல் இல்ல, ஒண்ணுமே இல்ல. அதுதான் இதுல மோசமான பகுதி. என் தம்பிக்கு இது எந்த மாசத்துல எந்த சாப்பாட்டுல நடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஐஜிஇ ரத்தத்துல ரெண்டு மூணு நாள்லயே பாதியா குறைஞ்சிடும், ஆனா மாஸ்ட் செல் மேல போய் ஒட்டிக்கிச்சுன்னா வாரக்கணக்கா அங்கேயே இருக்கும். மாஸ்ட் செல்னா தோலுக்கு அடியில, மூச்சுக் குழாய்ல, குடல் சுவர்ல, ரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் பக்கத்துலயே இருக்குற செல். பால் எர்லிக்ங்கிற ஜெர்மன் ஆளு 1878ல மாணவரா இருக்கும்போது சாயம் போட்டு பாத்து பேர் வெச்சது. மைக்ரோஸ்கோப்ல பாத்தா உள்ள முழுக்க கேழ்வரக கொட்டி வெச்ச மாதிரி உருண்டை உருண்டையா அடைச்சுக்கிட்டு இருக்கும், நியூக்ளியஸ்கூட சரியா தெரியாது. அந்த உருண்டை ஒவ்வொண்ணுலயும் ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனம் ரெடியா இருக்கு, புதுசா செய்ய வேண்டியதே இல்ல, வெளிய கொட்டினா போதும்.

எப்ப கொட்டும்? ஐஜிஇ ஒய் எழுத்து மாதிரி இருக்கும், கால மாஸ்ட் செல் மேல ஊணிக்கிட்டு ரெண்டு கையயும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். இறால் புரதம் மறுபடி வரும்போது பக்கத்து பக்கத்துல நிக்கிற ரெண்டு ஐஜிஇ அதே ஒரு புரதத்த ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா, அந்த இழுப்புல மாஸ்ட் செல்லுக்குள்ள சிக்னல் போய் உருண்டை எல்லாம் வெளிய கொட்டிடும். ஒரு ஐஜிஇ மட்டும் தனியா புடிச்சா ஒண்ணும் ஆகாது, ரெண்டும் சேர்ந்து புடிக்கணும். கொட்டுறதுக்கு நிமிஷம்கூட ஆகாது. வெளிய வந்த ஹிஸ்டமின் ரத்தக் குழாய கசிய வைக்கும், அதான் தடிப்பும் வீக்கமும். நரம்ப சீண்டும், அதான் அரிப்பு. மூச்சுக் குழாய் தசைய இறுக்கும், அதான் வீசிங். குடல்ல நடந்தா வாந்தி, வயித்த வலி. ஒரே பொருள், எந்த இடத்துல கொட்டுச்சுங்கிறத வெச்சு அறிகுறி மாறுது. காணாக்கடின்னு நம்ம ஆளுங்க பேர் வெச்சத நெனச்சா எனக்கு ஆச்சரியமா இருக்கும், எதோ கண்ணுக்கு தெரியாதது கடிச்சிருச்சுன்னு அர்த்தம், கடிச்சது உள்ள இருந்துதான்.

இது உடம்பு முழுக்க ஒரே நேரத்துல நடந்தா அதுக்கு பேர் அனாஃபிலாக்சிஸ். இந்த பேர் வந்த கதைய தெரிஞ்சுக்கிட்டா அந்த "ரெண்டாவது தடவ" விஷயம் மறக்கவே மறக்காது. 1901ல மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டோட கப்பல்ல சார்ல்ஸ் ரிஷே, பால் போர்ட்டியேன்னு ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிங்க போனாங்க, கடல் ஜெல்லி மாதிரி மிதக்குற விஷ உயிரி பத்தி ஆராய. ஊருக்கு திரும்பினதும் கடல் சாமந்தி விஷத்த நாய்ங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா குடுத்து பழக்கினாங்க, தடுப்பூசி மாதிரி பாதுகாப்பு வந்துடும்னு எதிர்பாத்து. நெப்டியூன்னு ஒரு நாய், முதல் டோஸ்ல நல்லாதான் இருந்துச்சு. சுமார் மூணு வாரம் கழிச்சு மறுபடி போட்டாங்க, சாதாரணமா ஒரு நாய கொல்லாத அளவுதான், ஆனா மூச்சு வாங்கி வாந்தி எடுத்து அரை மணி நேரத்துக்குள்ள செத்துப் போச்சு. பாதுகாப்பு வரும்னு பாத்தா நேர் எதிரா நடந்துச்சு, அதனால 1902ல பாதுகாப்புக்கு எதிர்னு அர்த்தம் வர்ற மாதிரி கிரேக்கத்துல இருந்து அந்த வார்த்தைய உருவாக்கினாங்க. ரிஷேக்கு 1913ல நோபல் பரிசு கிடைச்சுது.

ரத்தத்துல எதோ ஒண்ணு இருக்குன்னு காட்டினது 1921ல. க்யூஸ்ட்னர்னு ஒரு டாக்டருக்கு மீன் ஒத்துக்காது, அவரோட சீரத்த, அதாவது ரத்தம் உறைஞ்சதும் தெளியற திரவத்த, கொஞ்சம் எடுத்து ப்ரவுஸ்னிட்ஸ்னு இன்னொரு டாக்டர் தன் தோலுக்குள்ளயே ஊசியால ஏத்திக்கிட்டார், மறுநாள் அதே இடத்துல மீன் சாறு போட்டார், ப்ரவுஸ்னிட்ஸுக்கு மீன் ஒத்துக்காம போனதே இல்ல, ஆனா அந்த இடம் மட்டும் தடிச்சுப் போச்சு. அந்த "எதோ ஒண்ணு" ஐஜிஇதான்னு கண்டுபுடிக்க இன்னும் 45 வருஷம் ஆச்சு, 1966ல அமெரிக்காவுல டென்வர்ல இஷிசாகா கிமிஷிகே, டெருகோன்னு ஜப்பான் தம்பதி, ஏறக்குறைய அதே சமயம் ஸ்வீடன்லயும் ஒரு குழு. நான் லேப்ல டைப் அடிக்கிற மூணு எழுத்துக்கு பின்னாடி ஒருத்தர் தன் தோல குடுத்திருக்கார்.

இறாலுக்கு திரும்ப வரேன். இறால்ல பெரும்பாலும் பிரச்சனை பண்றது ட்ரோபோமயோசின்னு ஒரு தசைப் புரதம். இது சூட்டுக்கு அசையாது, வதக்கினாலும் பொரிச்சாலும் குழம்புல கொதிக்க வெச்சாலும் அப்படியேதான் இருக்கும், சிலருக்கு இறால் வேகற ஆவி பட்டாலே மூச்சு இறுகும். "நல்லா வேக வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது"ங்கிறது இதுல எடுபடாது. இன்னொண்ணு, கிட்டத்தட்ட அதே மாதிரி ட்ரோபோமயோசின் கரப்பான் பூச்சிலயும் இருக்கு, மெத்தை தலையணைல வாழ்ற கண்ணுக்கு தெரியாத தூசிப் பூச்சிலயும் இருக்கு, எல்லாம் தூரத்து சொந்தம்தானே. அதனால தூசியால தும்மிக்கிட்டு இருக்குறவருக்கு இறாலும் ஒத்துக்காம போற வாய்ப்பு இருக்கு. என் தம்பி சின்ன வயசுல இருந்தே காலைல எழுந்ததும் 10 தும்மல் போடுற ஆளு, நாங்க யாரும் அத இதோட சேர்த்து யோசிச்சதே இல்ல.

கரப்பான்ங்கிற தோல் அரிப்பு நோய கிளப்பும்னு ஒதுக்குற கரப்பான் பண்டம்னு வீட்டுல ஒரு லிஸ்ட் இருக்கும்ல, கத்திரிக்காய், கருவாடு, இறால்னு. அதுல உண்மையும் இருக்கு, வெறும் பழக்கமும் இருக்கு, ஒட்டுமொத்தமா எல்லாத்தையும் ஒதுக்க வேண்டியதும் இல்ல, ஒட்டுமொத்தமா சிரிக்க வேண்டியதும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் பிரிச்சு பாக்கணும், சாப்பிட்டு தடிப்பு வந்தாலே அலர்ஜின்னு அர்த்தம் இல்ல. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன ஐஸ் சரியா போடாம வெயில்ல வெச்சுட்டா, பாக்டீரியா அந்த மீன்லயே ஹிஸ்டமின உண்டாக்கிடும். அத சமைச்சாலும் போகாது. சாப்பிட்டவங்களுக்கு மூஞ்சி செவந்து, தலை வலிச்சு, நாக்குல மிளகு கடிச்ச மாதிரி எரியும், பாக்க அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனா ஐஜிஇக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஹிஸ்டமின் வெளியில இருந்து வந்துருக்கு. ஒரே சட்டி மீன் குழம்ப சாப்பிட்ட நாலு பேருக்கு ஒண்ணா வந்தா மீன சந்தேகப்படுங்க, ஒருத்தருக்கு மட்டும் வந்தா அந்த ஆளோட ஐஜிஇய சந்தேகப்படுங்க. அதே மாதிரி பால் குடிச்சா வயிறு உப்பி கலக்குதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு பால் சர்க்கரைய செரிக்கிற என்சைம் குறைவு, அவ்வளவுதான், அதுல எதிர்ப்பு சக்திக்கு வேலையே இல்ல.

இப்ப நேரக் கணக்கு. நான் இந்த கட்டுரை எழுதினதே முக்கியமா இதுக்குத்தான். ஒத்துக்கலங்கிற ஒரே வார்த்தைக்குள்ள நாலு வேற வேற விஷயம் இருக்கு, 1963ல ஜெல், கூம்ஸ்னு ரெண்டு பிரிட்டிஷ்காரங்க வகை பிரிச்சாங்க, இன்னைக்கும் பாடத்துல அதுதான். நம்பர மனப்பாடம் பண்ண வேண்டாம், பொருள் உடம்புல பட்டு எவ்வளவு நேரத்துல வந்துச்சுன்னு பாத்தாலே பாதி புரிஞ்சுடும். நிமிஷக் கணக்குல வந்தா இவ்வளவு நேரம் சொன்ன ஐஜிஇ வகை, அது முதல் வகை.

ரெண்டாவது வகைல ஆன்டிபாடி நேரா நம்ம செல் மேலயே போய் ஒட்டி அத உடைச்சிரும். ரத்த க்ரூப் மாத்தி ஏத்துனா நடக்குறது இது, எங்க லேப்ல க்ராஸ் மேட்ச், அதாவது ரெண்டு ரத்தமும் ஒத்துப் போகுதான்னு பாக்குறது, பண்ணாம ஒரு பாட்டில்கூட வெளிய விடாததுக்கு காரணம் இதுதான். அம்மா ரத்தம் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ்னா முதல் பிரசவத்துல பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அப்ப கலந்த ரத்தத்த அம்மாவோட உடம்பு ஞாபகம் வெச்சுக்கும், அடுத்த பாசிட்டிவ் குழந்தைக்கு அது ஆபத்தா வரும். இங்கயும் அதே ரெண்டாவது தடவ கதைதான் பாத்தீங்களா. அதனாலதான் 28வது வாரத்துல ஒரு ஆன்டி-டி ஊசி, பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு, ஞாபகமே உண்டாகாம தடுக்க.

மூணாவது வகைக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில இருளர் பாம்பு புடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978ல இருந்து நடக்குது, நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுல இருந்தும் விஷம் எடுத்து மருந்து கம்பெனிங்களுக்கு குடுக்குறாங்க. அந்த விஷத்த குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துல உண்டாகுற ஆன்டிபாடிதான் பாம்புக்கடிக்கு போடுற மருந்து. உயிர் காக்குற மருந்து, சந்தேகமே இல்ல. ஆனா அது குதிரையோட புரதம். சிலருக்கு மருந்து ஏறும்போதே தடிப்பும் குளிரும் வரும், அதனாலதான் பக்கத்துலயே அத அடக்குற அட்ரினலின் ஊசிய எடுத்து வெச்சுட்டு போடுவாங்க. இன்னும் சிலர் நல்லாகி வீட்டுக்கு போய், ஒரு வாரம் 10 நாள் கழிச்சு காய்ச்சல், மூட்டு வலி, தோல்ல தடிப்புன்னு திரும்பி வருவாங்க. வீட்டுல "விஷம் இன்னும் இறங்கல"ன்னு நெனச்சு பயந்துடுவாங்க. விஷம் இல்ல. அந்த ஒரு வாரத்துல உடம்பு குதிரை புரதத்துக்கு ஆன்டிபாடி செஞ்சு முடிச்சுடுது, ரெண்டும் ஒட்டிக்கிட்டு சின்னச் சின்ன முடிச்சா ரத்தக் குழாய்லயும் மூட்டுலயும் போய் படிஞ்சு வீக்கம் உண்டாக்குது, சீரம் நோய்னு பேர். வியன்னாவுல குழந்தை டாக்டர் க்ளெமென்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக்னு ரெண்டு பேர் தொண்டை அடைப்பான் நோய்க்கு குதிரை சீரம் போட்ட குழந்தைங்ககிட்ட இத பாத்து 1905ல எழுதினாங்க, மறு வருஷமே 1906ல ஃபான் பிர்கே அலர்ஜிங்கிற வார்த்தைய உருவாக்கினார். அவர் சொன்ன அர்த்தம் கெட்டதோ நல்லதோ இல்ல, ஒரு பொருள சந்திச்ச அப்புறம் உடம்பு அதுக்கு வேற மாதிரி நடந்துக்குது, அவ்வளவுதான்.

நாலாவது வகைல ஆன்டிபாடியே கிடையாது, டி செல் தானே நேர்ல வந்து நிக்கும், அதனால லேட் ஆகும், ஒரு நாள்ல இருந்து மூணு நாள் வரைக்கும். கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுறது, பெரும்பாலும் நிக்கல். தலைக்கு டை அடிச்ச மறுநாள் நெத்தியும் காதோரமும் ஊறி வீங்குறது. விவசாய வேலை பாக்குறவங்களுக்கு பார்த்தீனியம் பட்டு முகம், கழுத்து, கை மடிப்பெல்லாம் கருத்து தடிச்சு போறது, வெள்ளை வெள்ளையா பூ பூக்குமே அந்த களைதான், 1950கள்ல புனேல தென்பட்டு இன்னைக்கு நாடு முழுக்க இருக்கு. கிராமத்துல சேராங்கொட்டை மரத்துக்கு கிட்ட போகாதன்னு பெரியவங்க சொல்றதும் இதுக்குத்தான். அந்த கொட்டை சாறு கருப்பா துணில அழியாம நிக்கும், அதனால சலவைக்கு போற துணில குறி போட அத பயன்படுத்துவாங்க, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இந்தியாவுல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு சரியா அந்த சலவைக்குறி பட்ட எடத்துல, பின் கழுத்து, இடுப்புன்னு கொப்புளம் வந்துச்சு. அவங்க ஊர்ல பாய்சன் ஐவின்னு ஒரு கொடி உண்டு, சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாத்துக்கும் அது சொந்தக்காரி, எண்ணெய்ப் பசை மாதிரியான பொருள் ஒரே சாயல். இங்க வந்து முதல் தடவ போட்ட சட்டை, ஆனா உடம்புக்கு அது ரெண்டாவது சந்திப்பு. முந்திரிக் கொட்டைய சுட்டு உடைக்கிறவங்க கை அரிச்சுப் போறதும் அந்த தோட்டு எண்ணெயாலதான்.

இதே லேட் வகைய நாங்க லேப்ல பரிசோதனையாவே பயன்படுத்துறோம். டிபிக்கு மாண்டூங்கிற தோல் டெஸ்ட் போட்டுட்டு "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, கைய தேய்ச்சு கழுவாதீங்க"ன்னு அனுப்புவோம்ல, 48ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள கைய தடவிப் பாத்து, செவந்த அளவ விட்டுட்டு கெட்டியா எழும்பி இருக்குறத மட்டும் ஸ்கேல் வெச்சு அளப்பேன். அந்த கெட்டி, டி செல் கூட்டமா வந்து உக்காந்த எடம். சிலர் மறுநாளே வந்து நிப்பாங்க, டைம் ஆகலன்னு திருப்பி அனுப்புவேன், ஏன் திருப்பி அனுப்புறேன்னு இப்ப விளக்கியும் சொல்றேன். டிபி கிருமிச் சாற தோல்ல போட்டு பாக்குற யோசனைய முதல்ல கொண்டு வந்ததும் அதே ஃபான் பிர்கேதான், 1907ல.

பென்சிலின் ஒண்ணே போதும் இந்த நாலையும் காட்ட. நிமிஷத்துல அனாஃபிலாக்சிஸ், சிவப்பணு உடையறது, வாரம் கழிச்சு சீரம் நோய் மாதிரி, ரெண்டு மூணு நாள்ல தோல் தடிப்பு, நாலும் வரலாம். அது ரொம்ப சின்ன மூலக்கூறு, தனியா இருந்தா எதிர்ப்பு சக்தி கண்டுக்காது, நம்ம புரதத்தோட ஒட்டிக்கிட்டு புது வேஷத்துல வரும்போதுதான் பிரச்சனை. அதே சமயம் எனக்கு பென்சிலின் ஒத்துக்காதுன்னு சீட்டுல எழுதி வெச்சிருக்குறவங்கள முறையா டெஸ்ட் பண்ணி பாத்தா, அமெரிக்க கணக்குப்படி 10ல சுமார் 9 பேருக்கு அலர்ஜியே இல்ல. சின்ன வயசுல வைரஸ் காய்ச்சலோட வந்த தடிப்ப மருந்து மேல போட்டிருப்பாங்க. அதனால எந்த மருந்து, எத்தனை நேரத்துல, எப்படி வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, "எதோ ஊசி ஒத்துக்கல"ன்னு மட்டும் சொன்னா டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, ஏன் ஒருத்தருக்கு வருது இன்னொருத்தருக்கு வரல? ஐஜிஇ நமக்கு கெடுதல் பண்ண வந்தது இல்ல, குடல் புழு மாதிரி பெரிய ஒட்டுண்ணிய வெளிய தள்ள அது பயன்படுது, தும்மலும் அரிப்பும் வாந்தியும் பேதியும் எல்லாமே வெளிய தள்ளுற வேலைதானே. பரம்பரையும் உண்டு, அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தா குழந்தைக்கு வாய்ப்பு கூடும். 1989ல டேவிட் ஸ்ட்ராச்சன் பிரிட்டன்ல 17,000க்கு மேல குழந்தைங்கள வெச்சு பாத்தப்ப, அண்ணன் அக்கா நிறைய இருக்குற வீட்டுக் குழந்தைங்களுக்கு மகரந்த அலர்ஜி கம்மியா இருந்துச்சு, சின்ன வயசுல கிருமிகளோட பழகறது நல்லதோங்கிற யோசனை அங்க இருந்துதான் ஆரம்பிச்சுது. ஆனா அதுக்காக கைகழுவாம இருக்கணும்னு யாரும் எடுத்துக்காதீங்க.

எனக்கு இதுல பெரிசா பட்டது 2015ல வந்த நிலக்கடலை ஆராய்ச்சி. பல வருஷமா பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் டாக்டருங்க சின்ன குழந்தைக்கு கடலையே காட்டாதீங்கன்னு சொன்னாங்க, அலர்ஜி கூடிக்கிட்டேதான் போச்சு. லண்டன்ல கிடியன் லாக் குழு 4ல இருந்து 11 மாசக் குழந்தைங்க 640 பேர எடுத்து பாதி பேருக்கு கடலைய தொடர்ந்து குடுத்தாங்க, பாதி பேருக்கு ஒதுக்கினாங்க. தோல் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லாத குழந்தைங்கள்ல, 5 வயசுல ஒதுக்கினவங்கள்ல 13.7 சதவீதத்துக்கு அலர்ஜி, சாப்பிட்டவங்கள்ல 1.9 சதவீதம்தான். வாய் வழியா வந்தா குடல் "சோறு"ன்னு பழகுது, வெடிச்ச தோல் வழியா முதல்ல வந்தா "எதிரி"ன்னு பழகுதுன்னு இதுக்கு ஒரு விளக்கம் இருக்கு. குழந்தைக்கு கரப்பான் இருந்தா தோல் வறண்டு வெடிக்காம பாத்துக்கறது இதனாலயும் முக்கியம். கடலைய முழுசா குடுத்துடாதீங்க, தொண்டைல சிக்கும், அரைச்சு கரைச்சுதான். கரப்பான் அதிகமா இருக்குற குழந்தைன்னா டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க.

டெஸ்ட் பத்தி, இது என் வேலைங்கிறதால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். ரத்தத்துல ஐஜிஇ பாசிட்டிவ்னா உடம்புக்கு அந்த பொருள் ஞாபகம் இருக்குன்னு அர்த்தம், சாப்பிட்டா வரும்னு அர்த்தம் இல்ல. மொத்த ஐஜிஇ குடல் புழு இருந்தாலும் ஏறும். நூறு பொருளுக்கு ஒரே ரத்தத்துல பாக்குற பெரிய பேக்கேஜ் எடுத்துட்டு வந்து, பாசிட்டிவ் வந்த 20 ஐட்டத்தையும் குழந்தைக்கு நிறுத்தி, எலும்பும் தோலுமா ஆக்கி வெச்சிருந்த ஒரு அம்மாவ நானே பாத்துருக்கேன், மனசு தாங்கல. ஐஜிஜின்னு வேற ஒரு ஆன்டிபாடிய வெச்சு உணவு ஒத்துக்காமைய கண்டுபுடிக்கிறோம்னு விக்கிற டெஸ்ட்டுக்கு காசு போடவே போடாதீங்க, ஐஜிஜி சாப்பிட்டதுக்கு சாட்சி, அலர்ஜி டாக்டருங்க சங்கங்களே வேண்டாம்னு சொல்லியிருக்கு. முதல்ல நடந்த கதை, அப்புறம் அந்த கதைல சந்தேகப்படுற பொருளுக்கு மட்டும் டெஸ்ட்.

மருந்துக்கு வரேன். அவில், செட்ரிசின் எல்லாம் ஹிஸ்டமின் போய் உக்கார்ற சீட்ட மறிச்சு உக்காந்துக்கும், அரிப்பும் தடிப்பும் குறையும். ஆனா மாஸ்ட் செல் கொட்டினது ஹிஸ்டமின் மட்டும் இல்ல, லூக்கோட்ரையீன் மாதிரி வேற பொருளும் உண்டு, அதுக்கு அந்த மாத்திரையால ஒண்ணும் பண்ண முடியாது. அனாஃபிலாக்சிஸ்ல ரத்தக் குழாய் எல்லாம் ஒண்ணா கசிஞ்சு, ரத்தத்துல ஓடுற திரவத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் 10 நிமிஷத்துல வெளிய போயிடலாம், பிரஷர் அப்படியே விழும். அப்ப வேலை செய்யறது அட்ரினலின் ஒண்ணுதான், குழாய சுருக்கும், மூச்சுப் பாதைய திறக்கும், மாஸ்ட் செல்லையும் அடக்கும். பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்க தசையில. என் தம்பிக்கு போட்டது அதுதான். தடிப்போட மூச்சு திணறலோ, குரல் கம்மறதோ, மயக்கமோ, விடாத வாந்தியோ சேர்ந்துச்சுன்னா மாத்திரை போட்டு பாக்கலாம்னு உக்காந்திருக்காதீங்க, படுக்க வெச்சு கால தூக்கி வெச்சுக்கிட்டே கொண்டு போங்க, மூச்சு முட்டினா சாஞ்சு உக்காரட்டும், திடீர்னு எழுப்பி நடக்க வைக்காதீங்க, ரத்தம் கீழ எறங்கி இதயம் காலியாயிடும். ஊசிக்கு அப்புறம் நல்லாயிட்டாலும் சில மணி நேரம் அங்கயே இருக்கணும், ரெண்டாவது அலை வரலாம். நாங்களும் ராத்திரி வரைக்கும் இருந்தோம், சித்தி இட்லி கட்டி எடுத்துட்டு வந்தாங்க.

ஒன்றரை மாசம் கழிச்சு தம்பிய ஸ்கின் டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனேன், அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செட்ரிசின நிறுத்தச் சொல்லிட்டாங்க. முன்னங்கைல பேனாவால கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கு பக்கத்துலயும் ஒரு சொட்டு, ஒரு சின்ன குத்து. ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணி, ஒரு சொட்டு ஹிஸ்டமின், மத்ததெல்லாம் சந்தேகப்படுற பொருள். 15 நிமிஷம் கைய ஆட்டாம நீட்டி வெச்சிருந்தான். உப்புத் தண்ணி எடம் அப்படியே இருந்துச்சு. ஹிஸ்டமின் எடம் கொசு கடிச்ச மாதிரி எழும்புச்சு. தூசிப் பூச்சி அத விட கொஞ்சம் பெரிசு, கரப்பான் பூச்சியும் எழும்புச்சு, இறால் எடம் நடுவுல வெளுத்து சுத்தி செவந்து, ஓரம் கால் நீட்டின மாதிரி பரவி, ஒரு ரூபா காசு அகலத்துக்கு வந்து நின்னுச்சு. அவன் அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டு "இவ்வளவு நாளா உள்ளயே இருந்துருக்கா"ன்னான்.

இப்பல்லாம் கடைல சிக்கன் பக்கோடா வாங்கினாலும், அண்ணே இதே எண்ணெய்ல இறால் பொரிச்சீங்களான்னு கேட்டுட்டுதான் வாங்குறான். சித்தி வீட்டுல இறாலுக்குன்னு தனி சட்டி, தனி கரண்டி, அடுப்படில மேல் தட்டுல சிவப்பு நூல் கட்டி வெச்சிருக்காங்க.